குட்டிப் பூனையின் தீராத வயிற்றுப்போக்கு

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் தத்தெடுக்கப்படும் குட்டிப் பூனைகளுக்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நீடித்தாலும், தீனியை மாற்றுவதோடு விட்டுவிடப்படுவது வருந்தத்தக்கது. குடற்புழுவும் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியும் முதலில் சோதிக்கப்பட வேண்டியவை. அடிக்கடி தவறவிடப்படுவது ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்னும் மற்றோர் ஒட்டுண்ணி. நெரிசலான காப்பகங்களில் பொதுக் கழிவுத்தட்டு வழியே பரவும் இது, இளம் பூனைகளையே அதிகம் தாக்குகிறது. குட்டி வழக்கம்போல் ஓடியாடும்; மலம் மட்டும் கடும் நாற்றத்துடன், சில வேளை சளியும் இரத்தமும் கலந்து போகும். ஜியார்டியா என்று எண்ணி மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்தால் சற்று அடங்கித் திரும்பவும் வரும். புதிய மலத்தில் செய்யும் பிசிஆர் சோதனையே நம்பகமானது. இந்த ஒட்டுண்ணிக்கு ரோனிடசோல் மருந்து வழக்கமாக 14 நாள் தரப்படுகிறது. அது நரம்பைப் பாதிக்கக்கூடும், ஆகவே மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். காப்பகங்கள் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையுடன் கலந்தாலோசித்து, தத்துக்கு முன்பே மலச்சோதனை செய்ய ஏற்பாடு செய்யலாம்.