பறக்காத மணிகளும் அளவையில் மோசடியே



சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தகப்பனார் என்னை அணுகினார். அவருடைய மகன் விமானியாவதற்குப் பயிற்சி பெற்று வருகிறான். அவர் முகத்தில் பூரிப்பு. “ஹஜ்ரத், இன்னும் முப்பது மணி நேரம்தான் பாக்கி. மழையால பயிற்சி நின்னு போச்சு. ஆனா ஏட்டுல எழுதிக் கொடுத்துடுறோம்னு பள்ளியில சொல்லிட்டாங்க. துஆ செய்யுங்க” என்றார். அந்த முப்பது மணி நேரத்தையும் அவருடைய மகன் மெய்யாகவே பறந்து முடிக்க வேண்டும் என்று துஆ செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. “எல்லாரும் செய்றதுதானே ஹஜ்ரத்” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

படியைக் குறைத்து அளக்கும் வணிகனை நாம் எப்படிப் பார்க்கிறோம்? அவனுடைய உழைப்பு ஹலால் அல்ல என்று சிறுவர்களுக்கும் கற்பிக்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்து அல்முதஃப்பிஃபீன் என்னும் பெயரில் ஒரு ஸூராவே இருக்கிறது. விமானியின் பறத்தல் பதிவேடும் ஓர் அளவைதான். பயணச்சீட்டு வாங்கும் மனிதர் அந்த ஏட்டைக் காண்பதில்லை. அதை நம்பித் தம் பிள்ளைகளுடன் இருக்கையில் அமர்கிறார். குறைந்து அளக்கப்பட்ட அரிசியை வீட்டிற்குப் போய் மறுபடி அளந்து பார்க்கலாம். குறைந்து அளக்கப்பட்ட பறத்தலை அப்படிச் சோதித்துப் பார்க்கப் பயணிக்கு வழியே இல்லை. ஆகவே இந்த மோசடி படியைக் குறைப்பதைவிடக் கொடியது.

“வெறும் எண்தானே” என்போர், அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியவேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம், பயிற்சியாளரின் கையை எதிர்பாராமல் தானே பொறுப்பு விமானியாக இருந்து பறந்ததாக இருக்கவேண்டும். ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, வேறு இரு விமானத் தளங்களில் இறங்கி, 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர், தொலைவைக் கடந்த நெடும்பயணம் ஒன்று அதில் இருக்கவேண்டும். வெளியே பாராமல் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்த 10 மணி நேரமும், பத்து முறை ஏறி இறங்கிய 5 மணி நேர இரவுப் பறத்தலும் வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் வீண் சடங்கு என்று சொல்ல முடியுமா? மேகத்திற்குள் நுழைந்த விமானிக்கு அவனுடைய காதின் உட்பகுதியே பொய் சொல்லும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து கீழிறங்கிக் கொண்டிருக்க, நேராகச் செல்வதாகவே உடல் உணரும். அவ்வேளையில் தன் உணர்வைத் தள்ளிவிட்டுக் கருவியை நம்பும் பழக்கம் புத்தகத்தால் வருவதில்லை. அந்தப் பத்து மணி நேரத்தில்தான் அது ஊன்றத் தொடங்குகிறது. விளக்கில்லாத நிலப்பரப்பின் மேல் இரவில் இறங்கும்போது உயரத்தைக் கண் தவறாகக் கணிக்கும். நெடும்பயணத்தில் எதிரே கருமேகம் திரண்டால், போவதா திரும்புவதா என்று தனியாளாக முடிவெடுக்க வேண்டும். திரும்பிவருவதற்கு வேண்டிய துணிவு அப்போதுதான் பிறக்கிறது. ஏட்டில் எழுதப்பட்ட மணிகளில் இந்த மேகமும் இரவும் இல்லை; அந்தத் திரும்பலும் இல்லை.

எங்கள் மத்ரஸாவில் ஒரு மாணவன் ஒரு ஜுஸ்உவை ஓதிக் காட்டாமலே, ஓதியதாக நான் கையெழுத்திட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரமலானில் தராவீஹ் தொழவைக்க நிற்கும்போது அவன் தடுமாறுவான், பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக் கொடுப்பார், தொழுகை தொடரும். நிலைகுலைந்து விழும் விமானத்தில் எடுத்துக் கொடுக்க அவகாசம் ஏது?

2009 பிப்ரவரி 12 இரவு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். நியூவார்க்கிலிருந்து புறப்பட்ட கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ நகரை நெருங்கும்போது வேகம் குறைந்தது. கட்டுப்பாட்டுக் கம்பி அதிர்ந்து எச்சரித்தது. உடனே மூக்கைத் தாழ்த்தி வேகம் பெறவேண்டும் என்பது தொடக்கப் பாடம். தலைமை விமானியோ கம்பியைத் தம் பக்கம் இழுத்தார். விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். இறந்தோரின் குடும்பத்தார் ஓயாது போராடியதன் விளைவாக 2010-இல் புதிய சட்டம் வந்தது. அதற்குமுன் 250 மணி நேர அனுபவத்துடன் துணை விமானியாகச் சேர முடிந்த இடத்தில், 2013 முதல் பொதுவாக 1500 மணி நேரம் கட்டாயமாயிற்று. இராணுவத்தில் பறந்தோருக்கும் விமானவியல் பட்டம் பெற்றோருக்கும் மட்டும் அதில் சலுகை உண்டு.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம்: “அந்த இரு விமானிகளுமே 1500 மணிக்கு மேல் பறந்தவர்கள்தாமே? அப்படியானால் எண்ணால் என்ன பயன்?” உண்மைதான், இருவரும் 2000 மணியைத் தாண்டியவர்கள். ஆனால் இதே விபத்தின் விசாரணை வேறொன்றையும் வெளிப்படுத்தியது. தலைமை விமானி முன்னர்ச் சில தேர்வுப் பறத்தல்களில் தவறியிருந்தார். அவற்றுள் இரண்டை வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர் தெரிவிக்கவில்லை. எண் நிறைந்திருந்தது, ஏடு முழு உண்மையைச் சொல்லவில்லை. மெய்யாகப் பறந்த மணிகளே போதாமற் போகக்கூடும் என்றால், பறக்காத மணிகளை என்னவென்று சொல்வது?

வேறு சிலர், “இன்று பாவனைக் கருவியிலேயே எல்லாம் கற்பிக்கிறார்கள்” என்பர். கருவியின் பயனை நான் மறுக்கவில்லை. பாவனைக் கருவிக்கு முதன்மை தந்து, குறைந்த பறத்தலோடு துணை விமானியை உருவாக்கும் உரிமமுறையை உலக விமானப் போக்குவரத்து அமைப்பே 2006-இல் ஏற்றுக்கொண்டது. எத்தனை மணி என்பதைச் சட்டம் கூட்டலாம், குறைக்கலாம். அது வல்லுநர் பொறுப்பு. சட்டம் இருநூறு கேட்க, நூற்றெழுபது பறந்துவிட்டு இருநூறு என்று கையெழுத்திடுவது பொய். பொய்யைத் தொழில்நுட்ப விவாதமாக மாற்றிப் பேசுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

“எல்லாரும் செய்கிறார்கள்” என்ற வாதத்திற்கு வருவோம். பறக்காமல் மையால் நிரப்பிய நேரத்தை விமானிகளே ‘பார்க்கர் பேனா மணிகள்’ என்று கேலி செய்வார்கள். 2011-இல் நம் நாட்டில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதாயினர். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிந்த விவகாரமும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர், 262 விமானிகளின் உரிமங்கள் ஐயத்திற்குரியவை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்நாட்டின் அரசு விமான நிறுவனம் ஐரோப்பாவிற்குப் பறப்பது தடைசெய்யப்பட்டது; 2024 இறுதியில்தான் தடை நீங்கிற்று. அந்தப் பட்டியலில் இருந்தோர் பலருடைய உரிமம் மெய்யானதே என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் அதற்குள் அவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தனர். வெளிநாடுகளில் தலைகுனிந்து நின்றனர். சிலருடைய பொய்க்கு நேர்மையானவர்கள் விலை கொடுத்தார்கள். உங்கள் மகன் நேர்மையானவன் என்றால், பொய் எழுதுகிறவனை முதலில் எதிர்க்கவேண்டியவனும் அவனே.

பெற்றோர்களே, இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்கலாகாது. பல இலட்சங்கள் செலவாகின்றன. நகை போகிறது, மனை போகிறது, வட்டி ஹராம் என்று அறிந்தே வட்டிக் கடன் வீட்டிற்குள் நுழைகிறது. தவணை நாள் நெருங்க நெருங்க, மகனுடைய திறமையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு “எப்போது முடியும்?” என்று மட்டுமே கேட்கிறோம். நிச்சயதார்த்தத்தில் ‘மாப்பிள்ளை பைலட்’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை வேறு. அந்தப் பொய்க் கையெழுத்தில் பள்ளியின் பேனா இருக்கிறது என்றால், நம்முடைய அவசரமும் இருக்கிறது.

செய்யக்கூடியவை எளியவை. சேர்ப்பதற்கு முன், ஓடும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை பயிற்சியாளர்கள் உள்ளனர் என்று பள்ளியில் நேரில் கேளுங்கள். மழைக்காலத்தையும் கணக்கில் சேர்த்துக் காலக்கெடு வையுங்கள். மகனின் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். விமானத்திற்கென்று தனியாக உள்ள ஏட்டுடன் அது பொருந்துகிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்றும் வேலை கிடைக்கவில்லையெனில், தகுதி பெற்றுப் பயிற்சியாளராகப் பணிசெய்யச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இளம் விமானிகள் பலர் பிறருக்குக் கற்பித்தே 1500 மணியை எட்டுகிறார்கள். மாணவனின் தவற்றைக் கண்டு திருத்துகிற ஒவ்வொரு மணியும் ஆசிரியனையே கூர்மையாக்கும். இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எல்லாவற்றிற்கும் மேலாக, “வாப்பா, இன்றைய தேர்வில் தவறிவிட்டேன்” என்று மகன் அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீட்டை ஆக்குங்கள்.

ஸ்பெயினில் 9-ஆம் நூற்றாண்டிலேயே பறந்தவர் என்று அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதிவைத்த மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அவர் பறந்தார், ஆனால் வால் அமைக்காததால் இறங்கும்போது விழுந்து முதுகில் அடிபட்டார். அவர் பணயம் வைத்தது தம் முதுகை மட்டுமே. நம் பிள்ளைகளின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பார்கள்.

அந்தத் தகப்பனார் சென்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார். மழை விட்டபின் மகன் மீதியைப் பறந்து முடிக்கட்டும், மூன்று மாதம் தாமதமானாலும் சரி என்று தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். இம்முறை அவர் கேட்ட துஆவையே நானும் செய்தேன். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அமானிதத்தை நிறைவாக அளந்து கொடுப்பவர்களாக ஆக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.