வெட்டுப்படும் பாத்

ஜிப்பாக வந்த ஜாவாவைப் பிரித்து வைத்தாயிற்று. ‘ஜாவாசி’ என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது விண்டோஸ். ஜாவாவில் கோளாறில்லை, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடம் ‘பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிள். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த ஏற்பாடு, 1983இல் டோஸ் 2.0 மூலம் பிசிக்கு வந்தது.

இங்கேதான் பலரும் ‘செட்எக்ஸ்’ என்ற குறுக்கு வழியைச் சொல்லித் தருகிறார்கள். பழைய பாத்தோடு புதியதை ஒட்டி ஒரே வரியில் எழுதிவிடலாமாம். எழுதலாம்தான். ஆனால் 1,024 எழுத்துகளைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டே சேமிக்கும். எச்சரிக்கையும் வரும், வெட்டிய கையோடு! வால் பகுதியில் இருந்த பைதான் மறுநாள் காணாமல் போயிருக்கும். ஜாவாவைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

பழைய பாத்தை முதலில் நோட்பேடில் நகலெடுங்கள். பிறகு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னலைத் திறந்து, ஜாவாவின் ‘பின்’ ஃபோல்டரைத் தனி வரியாகச் சேருங்கள். ‘ஜாவா ஹோம்’ கேட்டால் மட்டும் ‘பின்’ வேண்டாம், அதற்கு மேலுள்ள ஃபோல்டர் போதும். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் ப்ராம்ப்டுக்கு இந்த மாற்றம் தெரியாது. அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து தட்டிப் பாருங்கள்.