பாஸ்கா என்னும் பழஞ்சொல்



உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. ‘ஈஸ்டர்’ நமக்கு ஆங்கிலம் வழியாக வந்த பெயர். கத்தோலிக்க ஆலயங்களில் விழாவுக்கு முந்தைய இரவில் புது நெருப்பிலிருந்து ஏற்றும் பெரிய மெழுகுதிரிக்கோ பெயர் ‘பாஸ்கா திரி’. அதன் உடலில் சிலுவையும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் பொறித்திருக்கும். ஆண்டு புதிது, பெயர் மிகப் பழையது.

எபிரேயத்தில் அது ‘பெசாக்’, யூதரின் விடுதலை விழாவின் பெயர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வீட்டு நிலைக்கால்களில் பூசினார்கள். சாவு அந்த வீடுகளைத் தொடாமல் கடந்துபோனது என்கிறது விடுதலைப் பயண நூல். மறைநூல் கிரேக்கத்துக்குப் போனபோது அந்தச் சொல் ‘பாஸ்கா’ ஆனது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்து, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘பாஸ்குவா’, பிரான்சில் ‘பாக்’ என்று ஒலி மாறியது. தத்துவ அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் குடும்பப் பெயரிலும் இதே வேர்தான். 1722-இல் டச்சு மாலுமி யாக்கோப் ரோகவீன் பசிபிக் கடலில் ஒரு தீவைக் கண்டது உயிர்ப்பு ஞாயிறன்று. அந்த நாளே ஈஸ்டர் தீவுக்குப் பெயராயிற்று.

ஆங்கிலமும் ஜெர்மனும் வேறு வழியில் போயின. ஏயோஸ்தரே என்ற தேவதையின் பெயரால் ஆங்கிலேயர் வழங்கிய பழைய மாதப் பெயரே இவ்விழாவுக்கு வந்தது என்று 725-இல் துறவி பீட் எழுதினார். 1530-இல் வில்லியம் டிண்டேல் மோசேயின் நூல்களை மொழிபெயர்த்தபோது, யூதரின் விழாவுக்குக் ‘கடந்துபோதல்’ என்று பொருள்படும் ‘பாஸ்ஓவர்’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்தார்.

என்னை நெகிழவைப்பது, உயிர்ப்பு விழாவுக்கு எளிய மக்கள் தாங்களே சூட்டிய பெயர்கள். போலந்தில் இது ‘பெரிய இரவு’. பல்கேரியாவில் ‘பெரிய நாள்’. ஹங்கேரியில் ‘இறைச்சி எடுத்தல்’: தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாதவர் வீட்டில், மீண்டும் குழம்பு கொதிக்கும் நாள் அல்லவா? பின்லாந்தினர் ‘விடுபடுதல்’ என்ற பொருள்தரும் வினைச்சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். எபிரேய ஒலி துளியும் இல்லாமலே, அடிமைகள் விடுதலை பெற்ற அந்த முதல் கதைக்கு மிக நெருங்கி வந்துவிட்டார்கள்.

விசுவாசம் ஒரு நாட்டு மக்களின் வயிற்றையும் உறக்கத்தையும் உழைப்பையும் தொட்ட பிறகுதான் அவர்களுக்குச் சொந்தமாகிறது. அதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. உங்கள் ஊரில், உங்கள் பாட்டி வாயில், இந்த நாளுக்கு என்ன பெயர்? எழுதி அனுப்புங்கள்; அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அனைவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்