மருந்தைச் சுற்றி வேலி!

காசநோயைப் பற்றிப் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அரை வயிற்றுக் கஞ்சி, காற்றுப் புகாத குடிசை, ஓய்வில்லாத உழைப்பு இவை இருக்குமிடம் தேடி வரும் வியாதி அது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசமும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். அந்த ஊசி பலருடைய செவியைப் பறித்துவிட்டது. 2012ல் அமெரிக்காவில் பெடாகுவிலின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஊசியே இல்லாமல் வைத்தியம் செய்ய வழி பிறந்தது. ஆனால் மாத்திரையைச் சுற்றி ஒரு வேலி! அதன் பெயர் பேடண்ட்.

பேடண்ட் என்றால் என்ன? புதுவிதத் தறி செய்தவன் அந்தத் தறிக்கு உரிமை கேட்பது ஒன்று. "வேட்டியே என்னுடையது; வேறு எந்தத் தறியிலும் எவனும் நெய்யக் கூடாது" என்பது வேறு. 1911ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் வேட்டிக்கே உரிமை கொடுத்தது. 1970ல் நமது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, மருந்து விஷயத்தில் தறிக்கு மட்டுமே உரிமை என்றது. இந்தியக் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்தன. விலை இறங்கிற்று.

எவ்வளவு இறங்கிற்று? எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டு மருந்துக்கு அந்நியக் கம்பெனிகள் 10,000 டாலருக்கு மேல் கேட்டன. 2001 பிப்ரவரியில் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நோய் அதேதான், மருந்தும் அதேதான். மலிவு மருந்துக்காக 1997ல் தென் ஆப்பிரிக்கா சட்டம் செய்தபோது, 39 பகாசுரக் கம்பெனிகள் அதன் மீது வழக்காடின. உலகெங்கும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 2001 ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கின.

ஆராய்ச்சிக்குச் செலவில்லையா என்று கேட்பார்கள். உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் யார் பணம்? எய்ட்சுக்கு முதல் மருந்தான ஏ.இசட்.டி., 1964ல் அமெரிக்க சர்க்காரின் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது. செலவு ஜனங்களுடையது, பேடண்ட் கம்பெனியுடையது. இது என்ன நியாயம்?

1995ல் பிறந்த உலக வர்த்தக அமைப்பு, மருந்துக்கே 20 ஆண்டு உரிமை கொடு என்றது. 2005ல் இந்தியா சட்டத்தைத் திருத்திற்று. ஆயினும் இடதுசாரிக் கட்சிகளும் ஜனநாயக இயக்கங்களும் நெருக்கியதால் 3(டி) என்ற பிரிவு சட்டத்தில் ஏறியது. பழைய மருந்தைச் சிறிது மாற்றி, குணம் கூடாமலே புதிய பேடண்ட் கேட்டால் கிடையாது என்பதே அதன் சாரம்.

அந்தப் பிரிவு என்ன செய்தது? ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தை நோவார்ட்டிஸ் கம்பெனி மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. இந்தியத் தயாரிப்போ பத்தாயிரத்துக்குள். நோவார்ட்டிஸ் கேட்ட பேடண்டை 2006ல் சென்னை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ந் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பெடாகுவிலினுக்கும் 2023 ஜூலையில் முடியவிருந்த உரிமையை மேலும் நான்காண்டு நீட்டிக்கொள்ள ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. எதிர்த்து மனுப் போட்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மும்பைக்காரர், மற்றவர் தென் ஆப்பிரிக்கர். இருவரும் காசத்திலிருந்து மீண்டவர்கள், வைத்தியத்தில் செவியை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று!

தோழர்களே, விலை இறங்கினால் மட்டும் போதாது. மாதம் பத்தாயிரம் ரூபாயும் கூலிக்காரனுக்கு எட்டாத தொகைதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் எந்த மருந்தும் காசில்லாமல் கிடைக்க வேண்டும். வர்த்தக ஒப்பந்தம் எதிலும் 3(டி)யை அடகு வைக்கக் கூடாது. கூலியும் போனசும் பேசும் சங்கக் கூட்டத்தில் இதையும் பேசுவோம். வேலி போட்டது விதியல்ல, சட்டம். சட்டத்தை மாற்ற ஜனங்களால் முடியும்!