ஹரி பொட்டரும் எங்கள் சந்தேகமும்



போன கிழமை ஒரு வாப்பா, மகள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தோடு பாடசாலைக்கு வந்தார். ஹரி பொட்டரின் முதல் பாகம். "சேர், இது சூனியக் கதைதானே. புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. சிஹ்ர் எங்கள் மார்க்கத்தில் பெரும்பாவம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் புத்தகத்தை வாசித்தவன் என்ற வகையில் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1997 இல் வெளிவந்த ஜே.கே. ரௌலிங்கின் இந்த நாவலில் மந்திரக்கோலும் துடைப்பமும் வெளிச்சோடனைதான். உள்ளே ஓடுவது துப்பறியும் கதை. பாடசாலைக்குள் ஒளித்து வைத்த கல்லொன்றை யாரோ திருடப் பார்க்கிறார். யார்?

ஸ்னேப் என்ற ஆசிரியர் கடுகடுத்த முகத்தோடு வருவார், வகுப்பில் ஹரியை அவமானப்படுத்துவார். காவல் நாய் கடித்த காயம் அவர் காலில் இருக்கிறது. விளையாட்டுப் போட்டியில் ஹரியின் துடைப்பம் தாறுமாறாக ஆடும்போது அவனையே பார்த்தபடி முணுமுணுக்கிறார். அடுத்த போட்டிக்கு நடுவராகவும் வந்து நிற்கிறார். மறுபக்கம் குவிரெல் என்ற ஆசிரியர். திக்கித் திக்கிப் பேசும், எதற்கும் நடுங்கும் அப்பாவி.

கடைசி அத்தியாயத்தில் பார்த்தால் கள்ளன் குவிரெல்! ஸ்னேப் முணுமுணுத்தது ஹரியைக் காப்பாற்ற. நடுவராக வந்ததும் அதற்குத்தான். கண்ட தடயங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நாம் கொடுத்த அர்த்தம்தான் பிழை.

இன்னொன்று. ஸ்னேப்பின் அங்கியில் நெருப்பு வைக்க ஓடும் ஹெர்மாயினி, வழியில் தெரியாமல் குவிரெலை இடித்துத் தள்ளுகிறாள். உண்மையில் அந்த இடிதான் ஹரியைக் காப்பாற்றியது. அவளோ நெருப்புத்தான் என்று நம்புகிறாள். காரியம் சரிவந்தால் எங்கள் சந்தேகமும் சரி என்று நினைத்துவிடுகிறோமே, அதேதான்.

நடுவில் ஒரு கண்ணாடி வரும். பார்ப்பவரின் ஆழமான ஆசையை அது காட்டும். அநாதையான ஹரிக்கு உம்மாவும் வாப்பாவும் தெரிகிறார்கள். கடைசியில் அதே கண்ணாடி திரும்ப வருகிறது. கல்லைப் பயன்படுத்த ஆசைப்பட்டவனுக்கு அது கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க மட்டும் நினைத்த ஹரியின் பையில் வந்து விழுகிறது. நிய்யத் பற்றிப் பேச இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

சந்தேகங்களைத் தவிர்க்கச் சொல்லும் ஹுஜுராத் சூராவின் வசனத்தை எத்தனையோ வருடம் படித்துக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். இந்தக் கதையை வாசித்த ஒரு பிள்ளை, "சேர், நானும் ஸ்னேப்தான் எண்டு நெனச்சன்" என்று வெட்கத்தோடு சொன்னாள். தன் சந்தேகத்தைத் தானே பிடித்துக்கொண்டாள். அதை நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

உடுப்பையும் தாடியையும் பார்த்துச் சந்தேகப்பட்டால் எப்படி வலிக்கும் என்று 2019 க்குப் பிறகு எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே நாங்கள்தான் வட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தை வைத்து ஊரில் ஒருவனைக் கள்ளனாக்கிவிடுகிறோம். வாசிக்காத புத்தகத்தையும் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறோம்.

அந்த வாப்பா புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. தானே முதலில் வாசிக்கிறேன் என்று எடுத்துப் போனார். மற்றப் பெற்றோரிடமும் நான் கேட்பது அதுதான். வாசியுங்கள். சிஹ்ர் எது, கற்பனை எது என்று பிள்ளையோடு பேசுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் உங்கள் முடிவை மதிப்பேன்.

ஒரேயொரு வேண்டுகோள்: கள்ளன் யாரென்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.