விக்கியின் முகவரி யார் கையில்?

2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கியின் ஆசிரியர் குழு, விக்கிகளுக்கு இலவச இடம் தரும் ஃபேண்டம் தளத்தை விட்டு வெளியேறியது. 2009இலிருந்து தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த பக்கங்களின் நகலை எடுத்துக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு தனி முகவரியில் குடியேறியது. வெளியேறியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் விளம்பரத் தொல்லை முக்கியமானது. விளையாட்டுகளுக்காகத் தளம் நடத்துவோர் இந்த வெளியேற்றத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஏனென்றால், இந்தக் குழு ஃபேண்டமைத் தேடிப் போகவே இல்லை.

அவர்கள் சேர்ந்திருந்தது கர்ஸ் நிறுவனத்தில். விளையாட்டு விக்கிகளுக்கான அதன் கேம்பீடியா தளத்தில் பக்கங்கள் வளர்ந்தன. 2016இல் அமேசானின் ட்விட்ச் கர்ஸை வாங்கியது. 2018 டிசம்பரில், முன்பு விக்கியா என்று பெயர் கொண்டிருந்த ஃபேண்டம், கேம்பீடியாவை ட்விட்சிடமிருந்து வாங்கியது. இரண்டு விற்பனையிலும் பக்கங்களை எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இலவச இடத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது, அந்த இடத்தை நாளை வாங்கப்போகிறவரின் விளம்பரக் கொள்கைக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ரசிகர்களின் கதை இதைவிடக் கசப்பானது. 2004இல் தொடங்கிய வாவ்விக்கி பிறகு விக்கியாவில் சேர்ந்தது. 2010இல் விக்கியா எல்லாத் தளங்களுக்கும் புதிய பக்க வடிவமைப்பைத் திணித்தபோது, ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் பிரிந்துபோய் கர்ஸின் இடத்தில் வாவ்பீடியாவைத் தொடங்கினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து அந்த இடமும் அதே நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2023இல் அவர்கள் மறுபடி மூட்டை கட்டி விக்கி.ஜிஜி தளத்துக்குப் போனார்கள். எதிலிருந்து தப்பினார்களோ, அதுவே விலை கொடுத்து அவர்களைத் திரும்பப் பெற்றது.

இணையம் பரவிய நாளிலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு. 1994இல் தொடங்கிய இலவசப் பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ், விளையாட்டுத் தளங்களுக்கென்று டைம்ஸ்ஸ்கொயர் என்ற பேட்டையையே ஒதுக்கியிருந்தது. 1998இல் பயனர்களின் பக்கங்கள் மீது தன் முத்திரைப் படத்தை மிதக்கவிட்டது. 1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் அமெரிக்கச் சேவையை மூடியது. அதே காலத்து இன்னொரு இலவசச் சேவையான ட்ரைபாடில்தான் பாப்-அப் சாளரம் பிறந்தது. பாலியல் விஷயம் பேசும் ஒரு பக்கத்தில் தன் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு கார் நிறுவனம் கொதித்தபோது, பயனரின் பக்கத்தையும் விளம்பரத்தையும் பிரித்துவைக்க அங்கே பணிபுரிந்த ஈதன் ஸக்கர்மன் எழுதிய நிரல் அது. 2014இல் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். விளம்பரதாரரின் மனக்குறையைத் தீர்க்கத்தான் அது பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. பக்கத்தை எழுதியவரோ படித்தவரோ அதைக் கேட்கவில்லை.

இன்றைய தொல்லை இன்னும் நுட்பமானது. விளையாட்டு விக்கியைத் திறப்பவர் பாதி ஆட்டத்தில் இருக்கிறார். ஒரு கவசம் செய்ய என்னென்ன பொருள் வேண்டும், ஓர் எதிரி எந்தத் தாக்குதலுக்கு மடங்கும் என்ற ஒற்றைத் தகவல் அவருக்குப் போதும். சில விநாடிகளில் போய்விடுவார். அந்தச் சில விநாடிகளைக் காசாக்கத்தான் பக்கம் திறந்ததும் விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கிறது, தானாக ஓடும் வீடியோ வருகிறது, கீழே ஒட்டிய பட்டை வருகிறது. விளம்பரம் தாமதமாக வந்து விழும்போது எழுத்து கீழே நகர்கிறது. இணைப்பைத் தொடப்போன விரல் விளம்பரத்தைத் தொடுகிறது. இந்தப் பக்க நகர்வை அளக்கும் மதிப்பெண் 0.1ஐத் தாண்டக்கூடாது என்கிறது கூகுளின் அளவுகோல்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வலி புரியும். விளையாட்டு விக்கியின் உயிர் அட்டவணையில் இருக்கிறது. எந்த எதிரி எந்தப் பொருளை எத்தனை சதவீத வாய்ப்பில் தருவான் என்று பத்துப் பன்னிரண்டு நெடுவரிசைகளில் ஒருவர் பொறுமையாகக் கட்டியிருப்பார். வலப்பக்கத்தில் விளம்பரத்துக்கு ஓர் ஓரத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அந்த அட்டவணை நசுங்கும். கைபேசியில் பாதித் திரை வீடியோவுக்குப் போய்விட்டால் அது உதவவே உதவாது. உறுப்பினராக உள்நுழைந்தவருக்கு விளம்பரம் குறைவு என்பதால், பக்கத்தைக் கட்டியவர் வாசகன் படும் பாட்டைப் பார்ப்பதும் இல்லை. தளம் நடத்தும் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறையாவது உள்நுழையாமல், விளம்பரத் தடுப்பான் இல்லாமல், மலிவான கைபேசி ஒன்றில் தன் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

விளம்பரமே கூடாது என்பது இந்த இதழின் வாதம் அல்ல. சர்வருக்குப் பணம் வேண்டும். கையில் காசில்லாத பள்ளி மாணவர்கள்கூட ஒரு தளம் தொடங்க முடிந்தது இலவச இடங்களால்தான். அந்த நன்றியை மறுக்கக்கூடாது. எல்லை எங்கே என்பதுதான் கேள்வி. 2017இல் பெட்டர் ஆட்ஸ் கூட்டமைப்பு பயனர்களிடம் கேட்டறிந்து ஒரு தரக்கோட்டை வகுத்தது. பாப்-அப், ஒலியோடு தானாக ஓடும் வீடியோ, பக்கத்தை மறைத்து எண்ணிக்கை காட்டி நிறுத்திவைக்கும் விளம்பரம், திரையில் பெரிதாக ஒட்டிக்கொள்ளும் பட்டை ஆகியவை அந்தக் கோட்டுக்கு வெளியே. 2018 பிப்ரவரியிலிருந்து க்ரோம் உலாவி இந்தக் கோட்டை மீறும் தளங்களில் விளம்பரங்களைத் தடுத்துவருகிறது. இது மிகக் குறைந்தபட்சத் தரம். இதை எட்டிவிட்டோம் என்று எந்த நிறுவனமும் பெருமை பேச முடியாது.

விளம்பரம் உள்ளடக்கத்துக்குள்ளேயே நுழையும்போது நிலைமை வேறாகிறது. 2023இல் ஃபேண்டமில் இருந்த மெக்டொனால்ட்ஸ் விக்கியில், கிரிமேஸ் என்ற பாத்திரத்தைப் பற்றித் தன்னார்வலர்கள் எழுதிய பக்கம் ஒரு விளம்பரப் பிரசாரத்துக்காக மாற்றப்பட்டது. தகவல் தளத்தின் நம்பிக்கை அத்தோடு போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

வெளியேற நினைத்தால்? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தால் எழுத்தை எடுத்துச் செல்லலாம், முகவரியை எடுத்துச் செல்ல முடியாது. பழைய தளம் மூடப்படுவதில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகளின் பலத்தில், புதுப்பிப்பார் குறைந்த அந்தப் பக்கங்களே தேடலில் முன்னால் நிற்கின்றன. வாசகன் பழைய தகவலையும் அதே விளம்பரங்களையும் பார்க்கிறான். ஆகவே குழுவின் கழுத்தில் கிடக்கும் கயிறு விளம்பரம் அல்ல, முகவரியான டொமைன் பெயர்.

இதைச் சரியாகக் கையாண்டவர்களும் உண்டு. ரூன்ஸ்கேப் விக்கி 2018 அக்டோபரில் விக்கியாவை விட்டு வெளியேறியபோது, விளையாட்டை உருவாக்கிய ஜாகெக்ஸ் நிறுவனம் கைகொடுத்தது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டுக்குள்ளேயே விக்கியைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் தொடங்கிய வியர்ட் க்ளூப்தான் பின்னர் மைன்கிராஃப்ட் விக்கிக்கும் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விக்கிக்கும் இடம் தந்தது. நிண்டெண்டோ ரசிகர்கள் 2010இலேயே சுதந்திர விக்கிகளின் கூட்டணி ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். நன்கொடையில் நடக்கும் மிராஹேஸ் விளம்பரமே இல்லாமல் விக்கிகளுக்கு இலவச இடம் தருகிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். தளம் நடத்துபவர் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தை எழுதும் முன் டொமைனைக் குழுவின் பெயரில் பதிவு செய்யுங்கள். அந்த டொமைனை ஏற்காத இடத்தில் சேராதீர்கள். தரவின் முழு நகலை மாதாமாதம் உங்கள் கையில் வைத்திருங்கள். நிறுவனம் கைமாறினால் விளம்பர விதிகள் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

விளையாட்டு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டின் வழிகாட்டி நூலை ரசிகர்கள் சம்பளமில்லாமல் எழுதித் தருகிறார்கள். அதை வைத்திருக்கும் சர்வரின் செலவையாவது நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.