பந்தயப் பாதை உண்டு, பந்தாடத் திடல் எங்கே?

இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. 1990-இல் திறந்தார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். எட்டாண்டு கழித்து, 1998-இல், அதே ஊரில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கிற்று. கார் ஓடிக் களிக்க முதலில் இடம் வந்தது. கார் செய்யும் கை பிறகு வந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஓடிக் களிக்க இடம் எப்போது வரும்? கேட்கிறோம், தோழர்களே!

"நாளெல்லாம் உழைக்கிறானே, அதைவிடவா உடற்பயிற்சி?" என்று சிரிப்பார் உண்டு. சிரிக்கட்டும். கோபன்ஹேகன் வட்டாரத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வை டென்மார்க் அறிஞர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் ஓடியாடியவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைவு. வேலையிலே உடல் வருந்தியவர்களுக்கோ அதிகம்! வியப்பென்ன? ஆட்டத்தில் களைத்தால் உட்காரலாம். ஓடும் கன்வேயர் முன்னே உட்கார முடியுமா? ஒரே திருகு, ஒரே குனிவு, ஒரே கை, எட்டு மணி நேரம். அது பயிற்சியல்ல, தேய்மானம்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேலிருந்தால் உணவகம் கேட்டது. 150 பேருக்கு மேலிருந்தால் ஓய்வறை கேட்டது. எச்சில் துப்பத் தொட்டிகூடக் கேட்டது! பந்து தட்டத் திடல் கேட்கவில்லை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமோ, பொழுதுபோக்கு வசதிக்கு விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. தேயிலை பறிப்பவருக்கு நினைத்ததைத் திருகு முடுக்குபவருக்கு நினைக்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு, 100 பேர் இருந்தாலே உணவகம் என்கிறது. நல்லது, வயிற்றை நினைத்தார்கள். ஆலைத் தொழிலாளிக்குத் திடல் அதிலும் இல்லை.

நெய்வேலியில் பொதுத்துறை நகரியம் கட்டியது, விளையாட்டரங்கமும் கட்டியது. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நகரியம் ஏது? விடுதி, பேருந்து, ஆலை. மறுபடி பேருந்து, விடுதி. பையன்கள் காலி மனையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், வேலி போடும் வரையில். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். படுக்கைக்கு வழி பிறந்தது. பகலிலே கபடி ஆடிய கிராமத்துப் பெண், ஷிப்டுக்கு வந்தபின் எங்கே ஆடுவாள்?

இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டதை மறந்துவிடவில்லை. 12 மணி நேரம் நின்றவனுக்குத் திடலைப் பொன்னால் இழைத்துக் கொடுத்தாலும் அதில் படுத்துத்தான் உறங்குவான்!

ஜெர்மனியில், இன்று லெவர்குசென் என்று வழங்கும் ஊரில், பேயர் ஆலைத் தொழிலாளி ஒருவர் விளையாட்டுக் கழகம் வேண்டுமென்று 1903-இல் நிர்வாகத்துக்கு மடல் எழுதினார். 170 தோழர்கள் கையொப்பமிட்டார்கள். மறு ஆண்டே கழகம் பிறந்தது. 2024-இல் அதன் கால்பந்து அணி, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஜெர்மானிய லீக் பட்டத்தை வென்றது.

170 பேர் என்றால், நாலு கம்பெனி பேருந்தில் ஏறுகிற கூட்டம். கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காரும் சங்கத் தோழர்கள், போனசுக்கும் பஞ்சப்படிக்கும் அடியில் ஒரு வரிக்கு இடம் விடட்டும்: இரவு ஷிப்டுக்காரனும் ஆட விளக்குள்ள திடல், பெண்களுக்கெனத் தனி நேரம், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே வாசல்.